டிக்கெட்டைக் கடைசி வரியில் எழுதுங்கள்

பாஸ்போர்ட்டும் பணப்பையும் – 6

பாஸ்போர்ட், விசா செலவுகளைச் சென்ற வாரம் முடித்துவிட்டோம். இனி பட்ஜெட். திருச்சிக்காரர்கள் வெளிநாட்டுப் பயணத்துக்குப் போடும் கணக்கில் முதல் வரி அநேகமாக விமான டிக்கெட்டாகத்தான் இருக்கும். சிங்கப்பூர் போய்வர எவ்வளவு ஆகும் என்று கேட்டால், தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் விலையைச் சொல்வார்கள். இதற்கு ஊரும் ஒரு காரணம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் காரில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் விமான நிலையம், அங்கிருந்து நாலு மணி நேரப் பறப்பில் சிங்கப்பூரின் சாங்கி. உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகளால் வளர்ந்த விமான நிலையம் இது. 2024 ஜூனிலிருந்து புதிய முனையமும் இயங்குகிறது. சென்னைக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி விமானம் பிடிக்கும் செலவு இல்லை. இத்தனை வசதியும் டிக்கெட்டை மலிவாகக் காட்டுவதால் மொத்தக் கணக்கும் அதிலிருந்தே கிளம்புகிறது. அதைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. இறங்கிய ஊரில் ஒரு நாளைக்கு என்ன ஆகும் என்பது முதல் வரி. எத்தனை நாள் என்பது இரண்டாவது. டிக்கெட் கடைசி.

பழைய பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து ‘ராஜுலா’ கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்தில், போகிறவர் வேலைக்குப் போனார், அல்லது அங்கே கடை வைத்திருந்த உறவினரிடம் போனார். 1970களில் சொந்தச் செலவில் வெளிநாடு போகிற இந்தியர் கையில் எடுத்துச் செல்ல அரசு அனுமதித்த அந்நியச் செலாவணி 8 டாலர். எட்டு டாலருக்கு என்ன பட்ஜெட் போடுவது? டிக்கெட் எடுப்பது நம் பாடு, மற்றதெல்லாம் அங்கே இருப்பவர் பாடு. 2004இல் ரிசர்வ் வங்கி தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அன்று ஆண்டுக்கு 25,000 டாலராக இருந்த வரம்பு இன்று 2,50,000 டாலர். சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. கணக்குப் போடும் புத்தி மட்டும் எட்டு டாலர் காலத்திலேயே நிற்கிறது.

டிக்கெட்டை முதலில் வைப்பதில் என்ன கோளாறு? செலவுகள் ஒரே மாதிரி பெருகுவதில்லை. டிக்கெட் தலைக்குப் பெருகும், அறை வாடகை இரவுக்குப் பெருகும், சாப்பாடு இரண்டாலும் பெருகும். ஐந்து பேர் மூன்று நாள் போனால் டிக்கெட்தான் பெரிய செலவு. அதே ஐந்து பேர் எட்டு நாள் தங்கினால் அறை அதை விழுங்கிவிடும். ‘டிக்கெட்தான் போட்டாச்சே, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வருவோம்’ என்பதைப் போல் செலவு வைக்கும் வாக்கியம் பயண உலகில் வேறில்லை. டிக்கெட் விலை மாறாததால் அந்த இரண்டு நாளும் இலவசம் போலத் தோன்றுகிறது. சிங்கப்பூரில் இது இன்னும் கடுமை. அறைகள் சிறியவை, பல ஹோட்டல்களில் பாட்டிக்கென்று மூன்றாவது கட்டில் போட இடமிருக்காது, இரண்டாவது அறை எடுக்க வேண்டிவரும். வீடு ஒன்றை நாள் வாடகைக்குப் பிடித்துச் சமைத்துக்கொள்ளலாம் என்றால், அங்கே தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும் அரசு அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். இரவு விமானத்தில் கிளம்பி விடியற்காலை இறங்கினால், அறை கிடைப்பது பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு. வயதானவர்கள் கூட இருந்தால் முந்தைய இரவு வாடகையையும் கொடுத்துவிடுவதே புத்திசாலித்தனம். மலிவு என்று எடுத்த டிக்கெட் இப்படியும் ஒரு இரவு வாடகையைக் கூட்டிவிடும்.

சாப்பாட்டுக் கணக்கையும் கிட்டத்தில் பார்க்கலாம். சிங்கப்பூர் உணவகப் பட்டியலில் 20 டாலர் என்று போட்டு, பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். அந்தக் குறிகளுக்குத் தனி விலை உண்டு. சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்து 22 டாலர், அதன் மேல் 2024 முதல் 9 சதவீதமாகிவிட்ட ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 23.98. ஐந்து பேருக்கு இரண்டு வேளை என்று பெருக்கிப் பாருங்கள். தேக்கா சந்தை போன்ற உணவு அங்காடிகளில் சேவைக் கட்டணம் கிடையாது. கோலாலம்பூரில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி இருக்கிறது, ஆனால் அறையும் சாப்பாடும் சிங்கப்பூரைவிட வெகுவாக மலிவு. இரண்டு ஊருக்கும் திருச்சியிலிருந்து நேர் விமானம் உண்டு. டிக்கெட்டை மட்டும் ஒப்பிட்டு ஊரைத் தேர்வு செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறுமே, அதை முதலில் போடாமல் எப்படி என்று கேட்பீர்கள். நியாயம்தான். மே மாதப் பள்ளி விடுமுறைக்கு ஏப்ரலில் தேடுகிறவர் கூடுதலாகத்தான் கொடுப்பார். ஆனால் முதலில் வாங்குவது வேறு, முதலில் கணக்கிடுவது வேறு. நாள் செலவைக் கணக்கிட ஒரு மாலைப் பொழுது போதும், மறுநாள் காலை டிக்கெட் எடுக்கலாம். அப்படி எடுக்கும்போதும் திரையில் தெரியும் விலையை நம்ப வேண்டாம். குறைந்த கட்டண விமானங்களில் பெட்டி, சாப்பாடு, இருக்கைத் தேர்வு எல்லாம் தனித்தனி. போகும்போது வடாமும் ஊறுகாயும், வரும்போது சிங்கப்பூர் முஸ்தபா கடையில் வாங்கிய கோடாலித் தைலமும் சாக்லேட்டும். நம்மவர் பயணத்தில் பெட்டி இல்லாத டிக்கெட் என்று ஒன்று கிடையாது. முன்பதிவிலேயே எடைக்குப் பணம் கட்டாமல் விமான நிலையக் கவுன்ட்டரில் கட்டினால் விலை பல மடங்கு.

அடுத்த ஆட்சேபம் கனமானது: அங்கேதான் தங்கை வீடு இருக்கிறதே, அறை வாடகை எதற்கு? அறை மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் தங்கை வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வெறுங்கையோடு கிளம்ப முடியுமா? குழந்தைகளுக்கு ஏதாவது வாங்க வேண்டும், போகும்போது சீர்போல ஒன்று வைக்க வேண்டும், அவர்களுடன் வெளியே போனால் ஒருவேளைச் சாப்பாட்டுக்காவது நாம் கொடுக்க வேண்டும். திரும்பியதும் இங்குள்ள சொந்தங்களுக்கும் ஏதாவது தர வேண்டும். இது வீண் செலவு என்று நான் சொல்லவில்லை. உறவு அப்படித்தான் நடக்கும். இதற்கு பட்ஜெட்டில் ஒரு வரி ஒதுக்காமல், ‘தங்கும் செலவு இல்லை’ என்று எழுதிக்கொள்வதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த வரியில் நகையைச் சேர்க்கவே வேண்டாம். சுங்கச் சலுகையோடு நகை கொண்டுவரும் உரிமை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புகிறவருக்குத்தான்; ஒரு வாரம் சுற்றிவிட்டு வருகிறவருக்கு இல்லை.

எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று பேக்கேஜ் போய்விட்டால் இந்தத் தலைவலி இல்லையே என்பாரும் உண்டு. முதல்முறை போகும் முதியவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் விளம்பரத்தில் உள்ள விலை இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் தலைக்கு ஆவது. தனியாக வருகிறவர் கூடுதலாகக் கட்ட வேண்டும். அதோடு டி.சி.எஸ். என்ற முன்வரி. 2020 அக்டோபரில் வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு 5 சதவீதமாகத் தொடங்கிய இது, பின்னர் பலமுறை மாற்றப்பட்டது. கட்டுகிற அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் வரி கட்டுமளவுக்கு வருமானமில்லாத ஸ்ரீரங்கத்து ஓய்வூதியத் தம்பதி, ரிட்டர்ன் தாக்கல் செய்து அது திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். பயணத்தின்போது அந்தப் பணம் கையில் இருக்காது.

பணம் மாற்றும் செலவு சிறிதாகத் தெரிந்தாலும் நாள் செலவு முழுவதையும் தொடும். வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் பிடிக்கும் கிரெடிட் கார்டில் ஒரு லட்ச ரூபாய் செலவழித்தால் 3,500 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 630 ரூபாயுமாக 4,130 போகும். நோட்டாக மாற்றினால் ஒரு லட்சத்துக்கு ஜி.எஸ்.டி. 180 ரூபாய்தான், அங்கே லாபம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்காமல் மாற்றக் கூடாது. வெளிநாட்டுக் கடையில் கார்டு இயந்திரம் ரூபாயா, அந்த ஊர்ப் பணமா என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் வசதிபோலத் தோன்றும், மாற்று விகிதம் மோசமாக இருக்கும். கணக்கைப் போட்டதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையில் ரூபாயும் சரியலாம். 2025 டிசம்பரில் அமெரிக்க டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. இதற்காகவே நாள் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்புவரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் வங்கியிலோ மாற்றுக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். சில்லறை நாணயங்களை இங்கே யாரும் வாங்கமாட்டார்கள், சாங்கியில் காபிக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் பயணக் காப்பீட்டை இந்தக் கணக்கில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதில் நுணுக்கங்கள் அதிகம். அடுத்த வாரம் அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.