ஏற்காட்டு மாலை வானில் எரிமீன்

சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், பொழுது சாய்ந்த சற்று நேரத்தில் பச்சை கலந்த வெள்ளொளியுடன் எரிமீன் ஒன்று மேற்கே தாழச் சரிந்து மறையுமானால், அது அடுத்த காப்பித் தோட்டத்துக்கு அப்பால் விழுந்ததாகவே பார்ப்பவர் கருதுவர். உண்மையில் அது அரபிக்கடலுக்கு மேலே எரிந்து முடிந்திருக்கக்கூடும்.

மக்கள் எரிநட்சத்திரம் எனச் சொல்லும் எரிமீன், விண்மீன் அன்று. சூரியனைச் சுற்றிவரும் மணலளவோ கூழாங்கல்லளவோ ஆன துணுக்கு, நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துள் பாயும்போது, முன்னுள்ள காற்று நெருக்குண்டு கொதிப்பேற, துணுக்கின் மேற்பரப்பு உருகி ஆவியாகி, அந்த ஆவியும் காற்றும் சேர்ந்து ஒளிர்கின்றன. மக்னீசியம் பச்சையும் சோடியம் மஞ்சளும் தருகின்றன. வெள்ளிக் கோளையும் விஞ்சி ஒளிர்வது தீக்கோளம் எனப்படும்.

இந்த எரிதல் பெரும்பாலும் தரைக்கு மேல் 80 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் நிகழ்கிறது. 1798இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பிராண்டஸ், பென்சன்பெர்க் என்னும் இரு மாணவர்கள், வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே எரிமீனைக் குறித்துக்கொண்டு, இரு பார்வைக் கோடுகளும் சந்திக்கும் புள்ளியைக் கணித்தே இவ்வுயரத்தை முதலில் அளந்தனர். ஆகவே ஏற்காட்டின் உயரம் எரிமீனை அருகில் கொண்டுவருவதில்லை. மலை தருவது விரிந்த அடிவானமும் சேலத்துத் தூசிக்கு மேலான தெளிந்த காற்றுமே.

மாலை எரிமீனுக்குத் தனிக்குணம் உண்டு. நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பூமியின் பின்பக்கத்திலேயே மாலைப்பொழுது இருப்பதால், துரத்திவந்து எட்டிப்பிடிக்கும் துணுக்குகளால் மட்டுமே காற்றுக்குள் புக முடிகிறது. எண்ணிக்கை விடியற்காலையைவிடக் குறைவு, வேகமும் குறைவு, அதனாலேயே ஒளிக்கோடு கண் நிலைக்கும் அளவுக்கு நீடிக்கிறது. டிசம்பர் 13, 14 இரவுகளில் உச்சமடையும் ஜெமினிட் எரிமீன் பொழிவு, 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தன் என்னும் சிறுகோள் உதிர்த்தது. பிற பொழிவுகள் பலவும் நள்ளிரவுக்குப் பின்னரே சூடுபிடிக்க, இது முன்னிரவிலேயே தொடங்கிவிடும், ஏற்காட்டு மூடுபனி இடம் கொடுத்தால்.

தரையைத் தொடும் கல் மிக அரிது. ஏற்காட்டுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், கிருஷ்ணகிரி மாவட்டச் சூளகிரிப் பகுதியில் 2008 செப்டம்பர் 12 காலையில் அவ்வாறு விண்கல் விழுந்தது. இத்தகைய கல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரத்திலேயே வேகமிழந்து ஒளி அணைந்து, பின் இருளாகவே கீழே வரும். அதன் முழக்கம் ஒளி மறைந்து ஒன்றிரண்டு நிமிடம் கழித்தே காதை எட்டும். அந்த முழக்கம் கேட்காத எரிமீனுக்காகத் தோட்டங்களில் கல் தேடுவது வீண்வேலை.