நாயின் தோல் நாற்றமும் பலிக்காத மருந்தும்

மழை தொடங்கியதும் சில நாய்களில் ஊசல் நாற்றம் எழும். காதைச் சொறியும், பாதத்தை ஓயாது நக்கும். கமக்கட்டிலும் கழுத்தின் கீழும் தோல் பிசுபிசுத்து, நாளடைவில் கறுத்துத் தடிக்கும். நாற்றம் பொறுக்காமல் கொட்டிலிலிருந்து துரத்திவிட்டால், பன்றிக் காவலுக்கு இருந்த ஒரே நாயும் போய்விடும்.

எல்லாவற்றையும் நாம் சொறி என்றே சொல்கிறோம். சொறி சிற்றுண்ணியால் வருவது. இதுவோ பெரும்பாலும் மலசீசியா என்னும் மதுவத்தால், அதாவது ஒருவகை நுண்ணிய பங்கசால், உண்டாவது. சுகமான நாயின் தோலிலும் காதிலும் குடியிருக்கும் இது, தெள்ளுக்கடி, ஒவ்வாமை, ஈரம் என்பன இடங்கொடுத்தால் பெருகிவிடும். எனவே தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் போட்டால் நோய் திரும்பி வரும்.

உண்மையிலேயே மருந்துக்கு அடங்காத மலசீசியாவும் பல நாடுகளில் நாய்களிற் காணப்பட்டுள்ளது. ஒரே பூச்சிநாசினியைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன நடக்கும் என்பதைக் கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கீற்றோகொனசோல் போன்ற மருந்துகள் மதுவத்தின் மேலுறைக்கு வேண்டிய கொழுப்பு உருவாவதைத் தடுக்கின்றன. சில மதுவங்கள் மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்கின்றன. வேறு சில உட்புகுந்த மருந்தை வெளியே தள்ளுகின்றன. பாதியில் நிறுத்திய குளிசை இத்தகையவற்றுக்கே வாய்ப்பளிக்கிறது. அக்குளிசைகள் ஈரலையும் தாக்கக்கூடும். மிருக வைத்தியர் சொல்லாமற் கொடுக்கலாகாது.

முதலிற் செய்யவேண்டியது கழுவுதலே. உலக மிருகத் தோல்நோய் வைத்தியச் சங்கம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், 2 வீதம் மைக்கொனசோலும் 2 வீதம் குளோர்எக்சிடினும் கலந்த சம்பூவால் வாரம் இருமுறை கழுவுவதையே முன்வைக்கிறது. இரண்டும் வெவ்வேறு வழியில் மதுவத்தைத் தாக்குவன. நுரை பத்து நிமிடம் தோலில் நிற்கவேண்டும். கண்ணிலும் காதிலும் படக்கூடாது. தண்ணீர் தட்டுப்பாடென்றால் பழுதுபட்ட இடங்களை மட்டும் கழுவி, நன்கு துவட்டுங்கள்.

கழிவு எண்ணெயும் மண்ணெண்ணெயும் பூசுவது கொடுமை. நாய் நக்கி நஞ்சேறும். மனிதருக்கான ஸ்ரீரொயிட் கலந்த களிம்பு கடியைத் தணிக்கும், மதுவத்தை வளர்க்கும். காதுக்கு மருந்து விடுமுன் செவிப்பறை கிழிந்துள்ளதா என மிருக வைத்தியர் பார்க்கவேண்டும்.

பூனைக்கு இந்நோய் குறைவு. வந்தால் உள்ளே வேறு நோய் இருக்கலாம், உடனே காட்டுங்கள். நாயின் தெள்ளுக்குப் பூசும் பேர்மெத்திரின் பூனையைக் கொல்லக்கூடியது. பூசிய நாயுடன் பூனையைப் படுக்கவிடாதீர்கள்.