கதம்பம் – ஒரு சொல்லின் கதை

இக்கட்டுரை நான் ஒரு மாணவிக்குத் தரவேண்டிய பாக்கி. அவள் தன் கட்டுரையில், “மேசைமேல் புத்தகங்கள் கதம்பமாகக் கிடந்தன” என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் கோடிட்டு, “தாறுமாறாக” என்று திருத்தினேன். “கதம்பம் என்றாலும் கலந்து கிடப்பதுதானே, மிஸ்?” என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், மணி அடிக்காவிட்டாலும் எனக்கு உடனே விடை தெரிந்திராது.

அன்று மாலை பூக்காரம்மாவின் கூடையருகே நின்றபோதுதான் விடை கிடைத்தது. மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, அரளி எனத் தனித்தனியே குவிந்திருந்தன. அவற்றை எல்லாம் ஒன்றாகக் கொட்டினால் அது குவியல். அவர் விரல்கள் ஒவ்வொன்றாய் எடுத்து நாரில் தொடுத்தபின் அதுவே கதம்பம்!

சொற்களின் வேறுபாட்டைப் பாருங்கள். ஒரே காம்பில் ஒரே இனம் சேர்ந்திருந்தால் கொத்து. திராட்சைக் கொத்து என்கிறோம். வாழையும் தென்னையும் தள்ளுவது குலை. பல இனம் ஒழுங்கின்றிக் கிடந்தால் குவியல். பல இனம் ஒரு நாரில் இணைந்தால் கதம்பம். இது வடமொழியிலிருந்து வந்து தமிழில் பூ மணம் பெற்ற சொல். பல காய்களும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் வெந்த சோற்றையும் கதம்ப சாதம் என்கிறோம்.

இதே பொருளுக்கு நம் இலக்கியத்தில் ‘கலம்பகம்’ என்ற அழகிய சொல் உண்டு. தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் பலவகைப் பூக்கள் விரவிய மாலைக்கு இச்சொல்லை ஆள்கிறார். பின்னர் அது ஒரு நூல் வகைக்கே பெயராயிற்று. அம்மானை ஆடும் பெண்கள், ஊசல், குறி சொல்லும் குறத்தி, தவம் என்று 18 உறுப்புகள் அதில் வரும். கள் குடித்துக் களிப்பவன் பேச்சுக்கும் இடமுண்டு! வெண்பா, கலித்துறை, விருத்தம் எனப் பாக்களும் பல. தெய்வத்தைப் பாடினால் 100, முனிவரைப் பாடினால் 95, அரசரைப் பாடினால் 90 பாடல்கள் என்று பாட்டியல் நூல்கள் அளவு வகுத்தன. இன்று நமக்குக் கிடைப்பவற்றுள் பழமையானது, 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மனைப் பாடிய நந்திக் கலம்பகம்.

இத்தனையும் கலந்தும் ஏன் குழப்பமில்லை? கலம்பகம் அந்தாதியாக அமைவது. ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டின் முடிவு முதற் பாட்டின் தொடக்கத்தோடு சேரும். அந்த அந்தாதிதான் நார்!

இம்மாலையை நம் அன்னைக்கும் சூட்டியவர் உண்டு. 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழ் கற்று, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், ஏலாக்குறிச்சியில் எழுந்தருளியுள்ள அடைக்கல அன்னைமீது ‘திருக்காவலூர்க் கலம்பகம்’ பாடினார். திருக்காவலூர் என்பது அவ்வூருக்கு அவர் இட்ட பெயர். பிற நாட்டில் பிறந்தவர் தமிழ்ப் பூக்களைத் தமிழ் நாரில் தொடுத்துத் தந்ததே ஒரு கதம்பமன்றோ?

ஆகவே, மகளே, உன் மேசைமேல் புத்தகங்கள் தாறுமாறாகத்தான் கிடந்தன. திருத்தம் சரியே, காரணம் சொல்லாமல் திருத்தியது என் பிழை. அவற்றைப் பாடவாரியாக அடுக்கினாலும் அது அடுக்குதான். கதம்பத்தைக் காண வேண்டுமானால் உன் வகுப்பறையைத் திரும்பிப் பார். வெவ்வேறு ஊர், வெவ்வேறு வீடு, வெவ்வேறு வழிபாடு. ஒருத்தி கணக்கில் முந்துவாள், ஒருத்தி பாட்டில். நட்பு என்னும் நார் அறுந்தால் நாமும் குவியல்தான். அறாமல் காப்போம்!

– தமிழாசிரியை