பிள்ளைகளோடு கடற்கரையில் ஒரு ராத்திரி: கடன் இல்லாமல், பயம் இல்லாமல்



நம்ம வானகரத்தில் மீன் மார்க்கெட் இருக்கிறது. விடியறதுக்கு முன்னாடியே கடல் மீன் லாரியில் வந்து இறங்கிவிடுகிறது. மீன் நம்மைத் தேடி வருகிறது. நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலைத் தேடிப் போய் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறோமா? ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டபோது யாருமே கை தூக்கவில்லை. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடி வந்ததுதான் எல்லாருடைய அனுபவமும்.

"அதெல்லாம் காரு வெச்சிருக்கறவங்களுக்குக்கா" என்றார் ஒரு சகோதரி. "ஆம்பள துணை இல்லாம ரூம் குடுப்பாங்களா?" என்று கேட்டார் இன்னொருவர்.

அதற்குப் பிறகு நம் குழு ஒன்று பத்து மாதம் பணம் சேர்த்து மாமல்லபுரம் போய் வந்தது. அவர்கள் தெரிந்துகொண்டதையும், ஒரு நிமிஷம் நடுங்கிப் போனதையும் உங்களுக்குச் சொல்கிறோம்.

பணம் எப்படிச் சேர்ப்பது?

12 பேர் உள்ள குழுவில் ஆளுக்கு வாரம் 50 ரூபாய் தனியாகப் போட்டால் வாரத்துக்கு 600 ரூபாய். 40 வாரத்தில் 24,000 ரூபாய். இதை வழக்கமான சேமிப்போடு கலக்கக் கூடாது. தனி நோட்டில் எழுத வேண்டும். கடைசி நேரத்தில் வர முடியாதவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவது என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது. சுற்றுலாவுக்காக உள்கடன் வாங்காதீர்கள். ஒரு நாள் சந்தோஷத்துக்கு ஒரு வருஷம் வட்டி கட்டுவது நமக்கு வேண்டாம்.

எங்கே தங்குவது?

மாமல்லபுரம் நம்ம ஊரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். பைபாஸில் ஏறி, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போகலாம். தனியார் விடுதிகள் நிறைய உண்டு. 1971-ல் தொடங்கிய தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' விடுதியும் கடலோரத்தில் இருக்கிறது. எந்த விடுதியானாலும் நேரில் போய் நின்று கேட்பதைவிட, முதலிலேயே போன் போட்டு விசாரிப்பது நல்லது. சனி, ஞாயிறில் வாடகை ஏறும். பள்ளி விடுமுறையில் வார நாளாகப் பார்த்துப் போனால் குறையும்.

போனில் என்னென்ன கேட்க வேண்டும்?

1. ஒரு அறையில் எத்தனை பெரியவர்கள், எத்தனை பிள்ளைகள் தங்கலாம்? எந்த வயது வரை பிள்ளைக்குக் காசு இல்லை? கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு?

2. சொன்ன வாடகை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா? ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

3. காலை டிபன் வாடகையில் சேர்ந்ததா? கைக்குழந்தைக்குப் பால், வெந்நீர் கிடைக்குமா?

4. எத்தனை மணிக்கு அறை தருவார்கள்? எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும்? போக முடியாவிட்டால் முன்பணம் திரும்ப வருமா?

5. நீச்சல் குளம் இருந்தால், பிள்ளைகளுக்குத் தனிக் குளம் உண்டா? என்ன உடை போட வேண்டும்? சில இடங்களில் சேலை, சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள்.

ஆண் துணை இல்லாமல் பெண்கள் அறை எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரியவர்கள் எல்லாரும் ஆதார் அல்லது வாக்காளர் அட்டை கையில் வைத்திருந்தால் போதும். தயங்காமல் கேளுங்கள்.

சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயம் இல்லை என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025-ல் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பில்லில் தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

அந்த ஒரு நிமிஷம்

போன அன்று சாயங்காலம் எல்லாரும் கரையில் நின்றோம். ஒரு இடத்தில் மட்டும் அலை அடங்கி, தண்ணீர் அமைதியாகத் தெரிந்தது. "இங்க நில்லுடா, இங்கதான் அலை இல்ல" என்று ஏழு வயதுப் பையனை அவன் அம்மா நிற்க வைத்தார். முழங்கால் தண்ணீர்தான். திடீரென்று காலுக்கடியில் மணல் சரிந்து, பையன் உட்கார்ந்தபடியே உள்ளே போனான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஓடி வந்து திட்டினார். "அலை இல்லாத எடந்தாம்மா ஆளை இழுக்கற எடம்!"

அவர் சொன்னது உண்மை. அலை கரைக்குக் கொண்டுவரும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். அது பல நேரம் ஒரு குறுகிய பாதையாக வேகமாகக் கடலுக்குள் போகிறது. அந்தப் பாதையில் அலை குறைவாக இருப்பதால் நமக்கு அமைதியாகத் தெரிகிறது. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, களைத்துப் போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்கு வர வேண்டும்.

அன்றிலிருந்து நாங்கள் வைத்திருக்கும் விதிகள் இவை:

பிள்ளைகள் கணுக்கால் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. பெரியவர் கடல் பக்கமும் பிள்ளை கரைப் பக்கமுமாக நிற்க வேண்டும். முறை போட்டு இரண்டு பேர் பிள்ளைகளை மட்டுமே பார்க்க வேண்டும், அவர்கள் கையில் செல்போன் இருக்கக் கூடாது. மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, அதனால் கண்தான் காவல். நீச்சல் குளத்துக்கும் இதே விதிதான். இருட்டிய பிறகு தண்ணீர்ப் பக்கமே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும், அப்போது பயணமே வேண்டாம். கடலோரக் காவல் குழும உதவிக்கு 1093, ஆம்புலன்சுக்கு 108. இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

மறுநாள் காலை

சீக்கிரம் எழுந்தால் கடலிலிருந்து சூரியன் வருவதைப் பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிடலாம். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை இவை. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது.

திரும்பும்போது வேனில் ஒரு சகோதரி சொன்னார்: "கல்யாணமாகி பதினாலு வருஷத்துல, நான் எழுந்து அடுப்பு பத்த வைக்காத மொத காலை இதுதான்." அதைக் கேட்டு வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள், ரெண்டு பேர் அழுதார்கள்.

தோழிகளே, இது ஆடம்பரம் இல்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதி, முதல் 50 ரூபாயைப் போடுங்கள்.