மூன்று முறை திரும்பி வந்த கட்டுரை

கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிப் பார்த்த சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் தபால்காரர் குரல் கேட்டதும், அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து ஓடுவோம். கையில் கிடைப்பது என்ன? நாமே விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிய கவர்! உள்ளே, "வருந்துகிறோம்" என்று ஒரு துண்டுச் சீட்டு.

இந்தத் துக்கம் நமக்கு மட்டுந்தான் என்று நினைத்திருந்தேன். ஷாஃபி கோல்ட்வாஸர் அம்மையாரின் கதையைப் படித்த பிறகுதான் மனம் ஆறியது. கம்ப்யூட்டர் வழியே போகும் ரகசியங்களைப் பிறர் கண்ணில் படாமல் பூட்டுகிறார்களே, அந்தச் சாஸ்திரத்தில் இன்று அவர் பெயரைத் தவிர்த்துப் பாடம் நடத்த முடியாது. அப்பேர்ப்பட்டவரின் புகழ் பெற்ற கட்டுரை மூன்று முறை திரும்பி வந்தது!

நியூயார்க்கில் பிறந்து, இஸ்ரேலில் வளர்ந்தவர் இவர். 1979ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் ஸர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். மேல் படிப்புக்குக் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி. அங்கே மானுவெல் பிளம் ஆசிரியர். உடன் படித்தவர் இத்தாலியரான ஸில்வியோ மிக்காலி. எங்கேயோ இருக்கும் இருவர், ஒருவரை ஒருவர் நம்பாமல், தொலைபேசியிலேயே சீட்டாட முடியுமா? இந்தக் கேள்வி மாணவர் இருவரையும் பிடித்துக்கொண்டது. வேலையற்ற வேலை என்று தோன்றுகிறதல்லவா? அதிலிருந்து 1982ல் ஒரு பெரிய யோசனை பிறந்தது.

பெண் வீட்டார் சங்கேத பாஷையில் பதில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதில் 'சம்மதம்' அல்லது 'சம்மதமில்லை', இரண்டில் ஒன்றுதான். சங்கேதமாக மாற்றும் முறை ஊருக்கே தெரியும். திரும்பப் படிக்கும் வழிதான் ரகசியம். எதிர் வீட்டு அம்மாள் என்ன செய்வாள்? இரண்டு சொல்லையும் தானே மாற்றிப் பார்த்து, கடிதத்தோடு ஒத்துப் பார்ப்பாள். குட்டு வெளியாகிவிடும்! ஆகவே, மாற்றும்போது நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா என்பதையும் உள்ளே கலந்துவிடு என்றார்கள் இவர்கள். ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வேஷத்தில் வரும். எதிர் வீட்டு அம்மாள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த யோசனை இன்னும் விசித்திரம். ஒரு விஷயம் உண்மை என்று நிரூபிக்க வேண்டும். அது உண்மை என்பதற்கு மேல் கேட்பவருக்கு எள்ளளவும் தெரியக்கூடாது. முடியுமா?

எங்கள் சின்ன மாமாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், பிறவியிலேயே அப்படி. என் தையல் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு நூல்கண்டையும் ஒரு பச்சை நூல்கண்டையும் எடுத்து, ஆளுக்கொன்றாக அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தேன்.

"இரண்டும் ஒரே நிறம்தானே?" என்றார் மாமா.

"முதுகுக்குப் பின்னால் கொண்டு போங்கள். இஷ்டப்பட்டால் கை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அப்படியே விடுங்கள். மாற்றினீர்களா இல்லையா என்று நான் சொல்லிவிடுகிறேன்."

ஒரு தடவை சரியாகச் சொன்னால் குருட்டு அதிர்ஷ்டம் எனலாம். பத்துத் தடவை தொடர்ந்து குருட்டாம்போக்கில் சொல்ல, 1,024ல் ஒரு பங்குதான் வாய்ப்பு. இருபது தடவை என்றால் பத்து லட்சத்தில் ஒன்று! பன்னிரண்டாவது தடவையில் மாமா ஒப்புக்கொண்டுவிட்டார்.

இதைத்தான் கோல்ட்வாஸர், மிக்காலி, சார்ல்ஸ் ராக்காஃப் மூவரும் கணித முறைப்படி எழுதினார்கள். 'பூஜ்ய ஞான நிரூபணம்' என்று பெயர். கடவுச்சொல்லை வெளியே விடாமலே, அது தம்மிடம் இருப்பதை ஒருவர் காட்டலாம் என்றால், இதன் அருமை புரியும். 1983ல் ஒரு மகாநாடு கட்டுரையை வேண்டாம் என்றது. 1984ல் இன்னும் இரண்டு. மூவரும் விடவில்லை, 1985ல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆராய்ச்சி உலகில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. யாருடைய கட்டுரையைக் கொண்டு மேலே போனோமோ, அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் அப்படிச் சொன்னார்கள் என்று எண்ணி, கட்டுரைக்கு மதிப்புப் போடுகிறார்கள். கோல்ட்வாஸரின் கட்டுரைகளைச் சொன்னவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் எனக்கென்னவோ இந்த எண்ணிக்கையில் முழு நம்பிக்கை இல்லை. 1984ல் எண்ணியிருந்தால் இதே கட்டுரைக்கு என்ன மார்க் கிடைத்திருக்கும்? மிகவும் பழகிப்போன பிறகும் கணக்குத் தப்பிவிடும். மோர்க்குழம்பு வைக்கும்போது யார் பாட்டி பெயரைச் சொல்கிறோம்?

1993ல் கோடல் பரிசு என்று ஒன்றைப் புதிதாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் வருஷமே அதைப் பெற்ற கட்டுரைகளில், மூன்று முறை திரும்பி வந்த இதுவும் ஒன்று. 2012ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசு மிக்காலிக்கும் அவருக்கும் சேர்ந்து கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்பார்கள் அதை. அதைப் பெற்ற மூன்றாவது பெண்மணி அவர்.

நூல்கண்டுகளைப் பெட்டியில் வைக்கப் போனேன்.

"எல்லாம் சரி, இதில் எது சிவப்பு?" என்றார் மாமா.

நான் சொல்லவில்லை.