உஷார்! ஜாக்கி தூக்கும், தாங்காது

தம்பி, வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கும் முன் ஒரு நிமிடம் நில். அது எதன் மேல் நிற்கிறது என்று குனிந்து பார். வெறும் ஜாக்கி மட்டும்தான் என்றால் உள்ளே போகாதே. "அஞ்சு நிமிஷ வேலைதானேடா" என்று மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் போகாதே.

வேலை பழக வரும் பையன்களுக்கு ஸ்பேனர் அளவு சொல்லித் தருகிறார்கள், இன்ஜின் சத்தம் கேட்கச் சொல்லித் தருகிறார்கள். முட்டுக் கொடுக்க மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் வண்டியின் எடையைத் தாங்கி நிற்பது எண்ணெய். எண்ணெயை அடைத்து வைத்திருப்பவை ரப்பர் சீலும், மணி போன்ற சின்னக் குண்டு வால்வும். வால்வு உட்காரும் இடத்தில் ஒரு தூசு மாட்டினால் வண்டி மெல்ல இறங்கும். சீல் பிய்ந்தால் ஒரேயடியாக விழும். காலையில் நன்றாகத் தூக்கிய அதே ஜாக்கி மத்தியானம் கைவிடலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சின்னக் கார்கூட பல நூறு கிலோ இருக்கும்.

ஜாக்கி நல்ல நிலையில் இருந்தாலும் வண்டி உருண்டு அதிலிருந்து நழுவலாம். "ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேனே" என்பாய். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டால் அந்தப் பிடி அந்தரத்தில் தொங்குகிறது. "கியரிலும் போட்டிருக்கேன்" என்பாய். முன்சக்கரம் இழுக்கும் காரில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அது அந்தரத்தில் சுற்றும்; தரையில் இருக்கும் மற்ற முன்சக்கரம் தாராளமாக உருளும். அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தே ஆக வேண்டும். கைக்குக் கிடைத்த சின்னக் கல் உதவாது.

அடுத்தது, முட்டுக்கு வைக்கும் ஹாலோ பிளாக். ஐயோ, அதைத் தொடவே தொடாதே! எடை பரவலாக இறங்கினால்தான் அந்தக் கல் தாங்கும். ஆக்சில் ஒரே இடத்தில் அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் பிளந்துவிடும். செங்கல்லும் அப்படித்தான். முட்டுக்கு ஜாக் ஸ்டாண்டுதான் வேண்டும்.

வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று இளக்கிவிடு. கெட்டியான, சமமான தரையில் தூக்கு. சித்திரை வெயிலில் இளகிய தார் ரோட்டில் ஜாக்கியும் ஸ்டாண்டும் புதையும், அங்கே தடித்த பலகை போடு. தூக்கியதும் கம்பெனி காட்டியிருக்கும் இடத்திலோ சேசிஸிலோ ஸ்டாண்டு வை. ஆயில் சம்புக்கு அடியில் வைத்துவிடாதே. பிறகு ஜாக்கியை மெல்ல இறக்கு, எடை முழுவதும் ஸ்டாண்டில் உட்காரட்டும். வெளியே நின்றபடியே வண்டியை நன்றாக ஆட்டிப் பார். ஆட வேண்டுமானால் நீ வெளியே இருக்கும்போதே ஆடட்டும். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ ஓரத்தில் அடியில் படுக்கப் போடு. எல்லாம் தவறினாலும் அது கொஞ்சம் இடைவெளி விட்டுவைக்கும்.

கழலாத போல்ட்டுக்கு ஸ்பேனரில் பைப் சொருகி, படுத்தபடியே முழுப் பலத்தோடு இழுப்பாய். அந்தப் பக்கவாட்டு இழுப்புதான் சரியாக நிற்காத வண்டியைச் சாய்க்கும்.

தனியாக ஒருநாளும் அடியில் படுக்காதே. மார்பு மேல் எடை இறங்கினால் எலும்பு முறியாமலே மூச்சு நின்றுபோகும், சில நிமிடங்கள்தான் கெடு. சிக்கியவனைப் பிடித்து இழுக்காமல் முதலில் வண்டியைத் தூக்க வேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். அப்படித் தூக்க இன்னொரு ஜாக்கியும், கூப்பிட்டால் ஓடிவர ஓர் ஆளும் பக்கத்தில் உண்டா என்று பார்த்த பிறகு படு.