உங்களுக்குத் தெரியுமா? 500 வாட் எல்லாம் 500 வாட் அல்ல!

கிராபிக்ஸ் கார்டுக்கு வேண்டியது 12 வோல்ட் மின்சாரம். பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் ‘+12 வோல்ட்’ கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 25 ஆம்பியர் என்றால் கைக்குக் கிடைப்பது 300 வாட்தான், மேலே கொட்டை எழுத்தில் என்ன போட்டிருந்தாலும்!

● மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட் வரை. 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150.

● 170 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை. மிச்சம் பிராசஸர், விசிறி, ஹார்ட் டிஸ்க்குக்கு. திடீரென எகிறும் சுமைக்கும்.

● ‘6+2’ எனப் பிரியும் கேபிள்தான் கார்டுக்கு. ‘4+4’ பிராசஸருக்கு, மாற்றிச் செருகிவிடாதீர்கள்!